இரண்டாம் பதிப்புக்கு ஒரு படம்

உயிர் பிரிந்த அம்மாவின் இடது கை மட்டும் மடங்க மறுத்தது. இளைய மகள் அதை மெதுவாக நீவிக்கொண்டிருந்தபோது மாமா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் கடைப்பை. பைக்குள் ஒரு பச்சை ஸ்வெட்டர், விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"இதை மாட்டி விடும்மா. வெளியில என் புத்தக வாசகர்கள்லாம் மாலையோட வந்துட்டாங்க."

மாமா ஒரு காலத்தில் காப்பீட்டுப் பாலிசி விற்றவர். ஆள் செத்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சிரித்த முகத்தோடு விளக்குவதில் கெட்டிக்காரர். ஓய்வுபெற்றதும் ஒரு புத்தகம் எழுதினார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் கொலையுண்டு கிடந்த பெரியவளைப் பற்றி, அதாவது சொந்த அக்கா மகளைப் பற்றி. கொன்றவன் யாரென்று போலீசுக்கும் தெரியாது, புத்தகத்துக்கும் தெரியாது. ஆனால் புத்தகம் விற்றது. அதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. காய்கறிக் கடையில் நின்றாலும், "நான் அந்தக் கேஸை எழுதினப்போ..." என்றுதான் வாயைத் திறப்பார். தெருக்காரர்கள் அவருக்கு 'முதல் பதிப்பு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

புத்தகத்தில் எல்லோரும் அழுத வரி ஒன்று உண்டு: 'மகளின் பச்சை ஸ்வெட்டரை அந்தத் தாய் இன்றுவரை கழற்றவில்லை.' அக்காவிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டு எழுதியதில்லை. கேட்டால் எழுத்தின் ஓட்டம் கெட்டுவிடுமாம். படுக்கையில் கிடந்தவளுக்கு அதை வாசித்து மட்டும் காட்டினார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "பாவம், யாருடா அந்தம்மா?" என்றாள்.

"தன்னையே மறந்து ரசிச்சா," என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"அம்மா இப்படி ஒண்ணு போட்டதே இல்லையே மாமா," என்றாள் இளையவள்.

"அது உனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்கு எதுக்கு? ரெண்டாம் பதிப்புல கடைசிப் பக்கத்துக்கு ஒரே ஒரு படம்."

அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. நாளெல்லாம் ரத்தம், எச்சில், சீழ். லேசில் முகம் சுளிக்காதவள். மாமா தானே குனிந்து, விறைத்த கையை ஸ்வெட்டருக்குள் நுழைத்து, "கொஞ்சம் வளைஞ்சு குடேன் அக்கா," என்று கொஞ்சியபோது அவளே முகம் சுளித்தாள். ஸ்வெட்டரை உருவி எடுத்தாள்.

"அன்னிக்கு என் அக்கா போட்டிருந்த அசல் ஸ்வெட்டர் எங்க இருக்குன்னு தெரியுமா மாமா? ஸ்டேஷன்ல. மூட்டையில கட்டி, சீல் வச்சு. கேஸ் முடியாம தரமாட்டாங்களாம். நடக்க முடிஞ்ச வரைக்கும் அம்மா மாசாமாசம் போய் நின்னாங்க. குடுக்கக்கூட வேண்டாம், ஒரே ஒரு தடவை துவைச்சுக் கொண்டாந்து தந்துடுறேன்னு கேட்டாங்க."

மாமாவின் கண் கலங்கியது. வெட்கப்படுகிறார் என்று அவள் ஒரு கணம் நம்பிவிட்டாள்.

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" குரல் தழுதழுத்தது. "அடடா, என்ன மாதிரி அத்தியாயம். துவைச்சுத் தர்றேன்னு கேட்டாளா? இந்த வார்த்தையிலதான் கேட்டாளா? இரு, இரு." சட்டைப் பையைத் துழாவி செல்போனை எடுத்து அவள் வாயருகே நீட்டினார். "முதல்லேர்ந்து சொல்லு. எந்த ஸ்டேஷன்? அவன் மாட்டேன்னதும் அக்கா என்ன சொன்னா?"

அம்மா அன்று சொன்னது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். மாமாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள்.

"அழுதாளா? அதையாவது சொல்லும்மா," என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

கதவடி இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் அசையாமல் நின்றது. அவள் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். அம்மாவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் துடைக்கத் தொடங்கினாள்.