தெளிக்காத பாத்தி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம். கால் வலிக்கிறவர்கள் சுவரோரம் சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு படித்தவளின் கதை சொல்கிறேன். அவள் பட்ட வெட்கத்தின் கதை. கேட்டு முடிக்கும்போது அவளை வெறுக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன்.

கௌசல்யாவுக்கு நாற்பத்தொன்பது வயது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. மல்லிகைப் பூவைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைகள் ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன. அதனால் அவளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது.

அது என்ன வேலை என்றால், யாராவது ஓர் ஆராய்ச்சியை எழுதி அனுப்பினால் ஆய்விதழ்க்காரர்கள் அதை அப்படியே அச்சில் போட்டுவிட மாட்டார்கள். அதே துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பி, "படித்துப் பாருங்கள், இது நிற்குமா?" என்று கேட்பார்கள். எழுதியது யார் என்று படிக்கிறவருக்குத் தெரியாது. படித்தது யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. முகம் பார்த்துத் தட்டிக்கொடுக்கவும் கூடாது, முகம் பார்த்துத் தட்டிவிடவும் கூடாது என்று வைத்த ஏற்பாடு. கூலி கிடையாது. நம் கட்டுரையை யாரோ படித்தார்கள், நாம் யாரோ ஒருவருடையதைப் படிக்கிறோம், அவ்வளவுதான்.

மாசி மாதம் அப்படி ஒரு கட்டுரை கௌசல்யாவிடம் வந்தது. மல்லிகை மொட்டைத் துளைக்கும் புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசலை எந்த நேரத்தில் தெளித்தால் கேட்கும் என்பது பொருள். ஒரு மாதம் தொடவில்லை. கல்லூரிக்குப் பார்வைக்குழு வருகிற சமயம், கோப்புகளைக் கட்டி அடுக்குவதற்கே நேரம் போதவில்லை.

"கௌசி, அந்த எடிட்டர் மூணாவது தடவை மெயில் போட்டுட்டாரு" என்றாள் ஷமா. ஒரே அறையில் எதிர் மேசைக்காரி, இருபது வருடச் சிநேகிதி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூட இப்படிப் பதில் கேட்டு விரட்ட மாட்டாங்க."

"இந்தா, சாப்பாட்டு வேளைக்குள்ள முடிச்சுர்றேன்" என்று கௌசல்யா கணினியைத் திறந்தாள்.

முதல் இரண்டு பக்கம் படித்தாள். நடுவில் உள்ளதை விரலால் தள்ளிவிட்டு முடிவுரைக்குப் போனாள். பிறகு எழுதினாள்: மருந்து தெளிக்காத பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, ஆகவே இதைச் சோதனை என்று ஏற்க முடியாது. எழுதியவர் பூந்தோட்டத்தில் ஒருநாளாவது நின்றவராகத் தெரியவில்லை. கீழ்க்கண்ட மூன்று கட்டுரைகளைப் படித்து மேற்கோள் காட்ட வேண்டும்.

அந்த மூன்றும் அவளே எழுதியவை. அதில் அவளுக்கு உறுத்தல் ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்கிறதுதானே. இரண்டாவது வரியை ஷமாவுக்கு வாசித்துக் காட்டிச் சிரிக்கக்கூடச் செய்தாள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. தயிர்சாதம் ஆறுவதற்குள் என்று சொல்லலாம், ஆனால் அது முன்பே ஆறிப்போயிருந்தது.

சித்திரையில் ஒருநாள் மதியம் ஒரு பெண் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"மேடம், நான் சத்யபிரியா. சேவுகம்பட்டி. ஒரு தடவை உங்க பயிற்சி வகுப்புக்கு வந்திருக்கேன். பிஎச்.டி. பண்றேன், வேற காலேஜ். ஒரு யோசனை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பொட்டலத்தில் மல்லிகை. அதை மேசையில் வைத்துவிட்டுத் தாள்களை எடுத்து நீட்டினாள். கௌசல்யா முதல் வரியைப் பார்த்தாள். தன்னுடைய வரி.

"ரெண்டு ரிவ்யூவர்ல ஒருத்தர் நல்லபடியா எழுதியிருக்காரு மேடம். இவரு கொஞ்சம் கோவக்காரரு போல. ஆனா உங்க கட்டுரை மூணையும் படிக்கச் சொல்லியிருக்காரு, உங்க மேல ரொம்ப மரியாதை உள்ளவரா இருக்கணும். அதான், எப்படிப் பதில் எழுதுனா மனசு இறங்குவாருன்னு உங்களுக்குத் தெரியும்னு வந்தேன்."

எதிர் மேசையில் ஷமாவின் பேனா நின்றது.

"எங்க கைடு சார் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு. ஆனி முடியறதுக்குள்ள ஆய்வேட்டை ஒப்படைக்கணும். அதுக்கு முன்னால ஒரு கட்டுரையாவது ஏத்துக்கிட்டதா கடிதம் வேணும். ஏற்கெனவே ஒரு தடவை காலநீட்டிப்பு வாங்கிட்டேன், இனி தர மாட்டாங்க மேடம்."

கௌசல்யா அவள் எழுதிக்கொண்டு வந்த பதிலைப் படித்தாள். 'மதிப்புக்குரிய மதிப்பீட்டாளரின் கூர்மையான கவனத்துக்கு நன்றி. மருந்து தெளிக்காத பாத்தியின் விவரம் நான்காம் அட்டவணையில் உள்ளது. அதைப் பளிச்சென்று தெரியும்படி சொல்லாதது எங்கள் பிழை. பொறுத்தருள வேண்டும்.'

நான்காம் அட்டவணையை அவள் பார்த்ததே இல்லை.

"இந்த ரெண்டாவதுக்கு மட்டும் என்ன எழுதறதுன்னு தெரியல மேடம்" என்று சத்யபிரியா மெதுவாகச் சொன்னாள். "பூந்தோட்டத்துல நின்னதில்லன்னு. எங்கம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒருநா விடியக்காலம் வந்து எங்கூடக் குனிஞ்சு அந்தாளைப் பறிக்கச் சொல்லுடின்னுச்சு."

கௌசல்யா சிரிக்க முயன்றாள். ஒரு சொல்லைத் திருத்தினாள். "நல்லாத்தான் எழுதியிருக்கம்மா, இப்படியே அனுப்பு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் நான்கு தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அறையில் மல்லிகை வாசம் மட்டும் இருந்தது.

"நான் என்ன செய்ய ஷமா? பேரைச் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அந்த விதி அந்தப் புள்ளைக்கு நியாயம் கிடைக்கணும்னு வச்சது. நீ முக்காடு போட்டு உக்காந்துக்கிறதுக்கு இல்ல." ஷமா டிபன் பாக்ஸை மூடினாள். "முதல்ல அதை முழுசாப் படி. நானும் அன்னிக்குச் சிரிச்சேன். எனக்கும் சேத்துப் படி."

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் கௌசல்யா கட்டுரையை வரி வரியாகப் படித்தாள். நான்காம் அட்டவணை ஒன்பதாம் பக்கத்தில், பெரிய எழுத்துத் தலைப்போடு இருந்தது. தெளிக்காத பாத்தியில் நூறு மொட்டுக்கு அறுபத்தொன்று புழு தின்றது. இரண்டு பருவம், வாரம்தோறும் எண்ணியிருந்தாள் அந்தப் பெண். தானே எழுதியிருந்தால்கூட இவ்வளவு பொறுமையாக எண்ணியிருக்க மாட்டோம் என்று கௌசல்யாவுக்குத் தோன்றியது.

பதிப்பாசிரியருக்கு எழுதினாள். கட்டுரையை முழுதாகப் படிக்காமல் கருத்துச் சொல்லிவிட்டேன். என் கருத்துகளைத் திரும்பப் பெறுகிறேன், மேற்கோள் காட்டச் சொன்னதையும் சேர்த்து. எழுதியவர் இப்போது எனக்குத் தெரிந்தவர், ஆகவே நான் தொடரக் கூடாது. அவருக்குக் காலம் குறைவு, தயவுசெய்து தாமதிக்க வேண்டாம். எழுதியவரிடம் நானே சொல்லிவிட அனுமதி வேண்டும்.

மறுநாள் பதில் வந்தது. "தகவலுக்கு நன்றி. வேறொருவரிடம் அனுப்புகிறோம். நீங்கள் சொல்வதில் எங்களுக்குத் தடையில்லை. இனி உங்களுக்குக் கட்டுரைகள் அனுப்ப மாட்டோம்." கௌசல்யா அதை ஷமாவிடம் உடனே காட்டவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்துச் சேவுகம்பட்டிக்குப் போனாள். தோட்டத்தில் சத்யபிரியாவும் அவள் அம்மா மூக்காயியும் மடியைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"சத்யா, அந்த ரிவ்யூவர் நான்தாம்மா."

அந்தப் பெண்ணின் கை செடியிலேயே நின்றது. கேட்டாள்: "நாலாவது டேபிளப் பாக்கவே இல்லையா மேடம்?"

"பாக்கல. ரெண்டு பக்கம்தான் படிச்சேன்."

"அன்னிக்கு நான் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

மூக்காயி நிமிர்ந்தாள். "யாருடி?"

"பூந்தோட்டத்துல நின்னதில்லன்னு எழுதுனவங்கம்மா."

மூக்காயி வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொம்பளையா? நான் ஆம்பளைன்னுல்ல இம்புட்டு நாளா வைஞ்சுக்கிட்டிருந்தேன்." பிறகு வடக்கோரத்தைக் கை காட்டினாள். "வந்ததும் வந்துட்டீக டீச்சரு, பொழுது ஏறுது. அந்தப் பாத்தியப் பறிங்க. மொட்டு மட்டும், விரிஞ்சது வேணாம்."

கௌசல்யா குனிந்தாள். மொட்டுகள் ஊதா பாய்ந்து, ஓட்டை விழுந்து, தொட்டால் உதிர்ந்தன. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அது தெளிக்காத பாத்தி மேடம்" என்றாள் சத்யபிரியா, முகம் பார்க்காமல். "ரெண்டு வருசத்தோட முடிச்சிருக்கணும். நீங்க, அந்த ரிவ்யூவரு, இன்னொரு தடவை செஞ்சு காட்டச் சொன்னா என்ன செய்றதுன்னு இந்த வருசமும் விட்டு வச்சோம்."

கௌசல்யா வெயில் ஏறும்வரை பறித்தாள். மடியில் பாதி புழுப்பூ. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கிளம்பும்போது மூக்காயி ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

கெடுவுக்குப் பதினோரு நாள் மிச்சமிருக்கும்போது கட்டுரையை ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. அச்சில் வந்ததும் சத்யபிரியா ஒரு பிரதி அனுப்பிவைத்தாள். கௌசல்யா இந்தத் தடவை முதல் எழுத்திலிருந்து படித்தாள். கடைசியில், எல்லாக் கட்டுரையிலும் வழக்கமாக வருகிற அந்த வரி இருந்தது: 'பெயர் அறியாத மதிப்பீட்டாளர்களுக்கு எங்கள் நன்றி.'

பெயர் தெரிந்த பிறகும் சத்யபிரியா அதை அப்படியே விட்டிருந்தாள். கௌசல்யா டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஷமா தன் பாக்ஸையும் மூடி வைத்துக்கொண்டாள்.

இவ்வளவுதான் கண்ணுகளா கதை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதுவதைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர்கள் அவர்களுக்கு வாய்க்கட்டும். உங்கள் செடியில் அரும்பினதெல்லாம் புழு தொடாமல் பூக்கட்டும். உங்கள் வாசலுக்கு வெட்கத்தோடு யார் வந்தாலும் கொடுக்க ஒரு செம்புத் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும். நல்லா இருங்கள்.