அக்காவுக்கு ஒரு காக்காத்துவா

மெல்பேர்ணில் இருந்து தம்பி லவன் புங்குடுதீவுக்கு வந்து இறங்கியபோது, மகள் கம்சிகாவோடு ஒரு கூடும் கூடவே இறங்கியது. கூட்டுக்குள் இருந்த வெள்ளைப் பறவை மஞ்சள் கொண்டையை விரித்து என்னை முறைத்தது. எனக்கு வரவேண்டியிருந்தது விசா.

இது என் சீதன வீடு. ஐயா கட்டி, என் பேரில் எழுதி வைத்தார். மாப்பிள்ளைதான் வாய்க்கவில்லை. கலியாணமாகாத மாமி தன் சீதனத்தைத் தம்பியின் மகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுக்காதவளை ஊர் வாயில் போட்டு மெல்லும். போன வருசம் கம்சிகாவுக்குக் கலியாணம் பேசியபோது வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். "உங்களை இஞ்சை கூப்பிடுறன் அக்கா, பிறகேன் உங்களுக்கு வீடு?" என்று லவன் தொலைபேசியில் உருகினான். நானும் மடைச்சி, நம்பினேன். குளிருக்கென்று கம்பளிச் சட்டைகூட வாங்கி அலுமாரியில் வைத்திருந்தேன்.

"விசா சரிவராது போலை கிடக்கு அக்கா. வயசு போட்டுது எண்டுறாங்கள். நீங்கள் தனிய இருக்கிறியள் எண்டு கொழும்பிலை இதை வாங்கினனான். எங்கடை அவுஸ்திரேலியாப் பறவை. கனகாலம் உயிரோடை இருக்கும்" என்று லவன் இப்போது கூட்டைக் காட்டினான்.

"இதுக்கு என்ன பேர்?" வேறு என்னத்தைக் கேட்பது?

கம்சிகா கைபேசியைத் தட்டினாள். "கொக்கட்டூ, மாமி. மலாய்க்காரர் காக்காத்துவா எண்டு கூப்பிட்டதிலையிருந்து வந்ததாம். அது கத்துற சத்தத்தை வைச்ச பேர் எண்டு சிலர் சொல்லுகினம். வேறை ஆக்கள், காக்காக் எண்டால் அக்கா, துவா எண்டால் கிழடு எண்டு விளக்கம் சொல்லுகினம்."

"அப்ப அக்காவுக்கு நல்ல சோடி!" லவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்.

"அதின்ரை ஊருக்கே திருப்பிக் கொண்டு போ."

"ஏலாது அக்கா. வெளியிலையிருந்து வாற குருவியளை அங்கை உள்ளுக்கு விடமாட்டினம். சட்டம்."

"அதையுமோ?"

அவன் கூட்டைத் தூக்கினான். "எங்கை வைக்கிறது?"

"வீட்டுக்காரியைக் கேள்."

கம்சிகா கைபேசியிலிருந்து தலை நிமிரவில்லை. "இது பெலமாக் கத்தும் அப்பா. பின் விறாந்தையிலை வையுங்கோ" என்றாள்.

வருகிறவர்களுக்கு என் அறை வேண்டுமே என்று, காலையில் என் கட்டிலை நானே இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டிருந்ததும் அங்கேதான்.