தொக்கம் எடுப்பவள் அனுப்பிய பிள்ளை

மெட்ராஸில் காது மூக்கு தொண்டை படித்து, அதிலும் குழந்தைகளுக்கென்று இரண்டு வருடம் தனியாகப் பழகிவிட்டு, 1967-இல் காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். காலையில் என் அறை வாசலில் பத்துப் பேர் இருப்பார்கள். பக்கத்து ஊரான மானகிரியில் அக்கம்மாள் வீட்டு வாசலில் நாற்பது பேர். வேறு வேலையாகப் போவதுபோல சைக்கிளில் போய் நானே எண்ணியிருக்கிறேன்.

அக்கம்மாள் தொக்கம் எடுப்பவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பிள்ளை சாப்பிடாமல் அழுதால், தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று அவளிடம்தான் தூக்கிப் போவார்கள். வயிற்றை நீவி, உச்சியில் ஊதி, மாட்டியிருந்தது இதுதான் என்று ஒரு சோற்றுப் பருக்கையை வெற்றிலையில் துப்பிக் காட்டுவாள். அது முன்பே அவள் கன்னத்துக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் டான்சில் எடுத்த பிள்ளையைக்கூட வீட்டுக்குப் போகிற வழியில் அவளிடம் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு மத்தியானம் சேவுகனும் அவர் மனைவி பொன்னுத்தாயியும் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

"அக்கம்மாக்கா அனுப்புச்சுய்யா. இது நான் எடுக்குற தொக்கம் இல்ல, நெஞ்சுக்குள்ள என்னமோ போயிருக்கு, வலப்பக்கம் காத்து ஏறல, டாக்டர்கிட்ட ஓடுன்னு சொல்லுச்சு" என்றார் சேவுகன்.

"எதை வச்சுப் பாத்துச்சு?"

"காத வச்சுத்தான்யா."

"அப்ப வைத்தியமும் அங்கேயே பாத்துக்க வேண்டியதுதானே."

சேவுகன் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னுத்தாயிதான் சொன்னாள்: "ஏசுறதுன்னா எங்கள அப்பறமா ஏசுங்கய்யா. மொதல்ல புள்ளையப் பாருங்க."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். வலப்பக்கம் சத்தம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அக்கம்மாள் சொல்லி நான் மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதா? எக்ஸ்ரே எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கொட்டை, பருப்பெல்லாம் படத்தில் விழாது என்று நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். "சளிதான்" என்று மருந்து எழுதி, பிள்ளையை வார்டில் சேர்த்தேன்.

மறுநாள் காலை பிள்ளையின் உதடு நீலமாகியிருந்தது. மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கினேன். வலதுபக்கக் கிளையில் புளியங்கொட்டை, ஊறி உப்பியிருந்தது. முதல் பிடியில் நழுவியது. இரண்டாவது பிடியில் வந்தது. பிள்ளைக்கு நிறம் திரும்பியது.

மத்தியானம் அக்கம்மாள் பார்க்க வந்தாள். கட்டிலில் குனிந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஏறுது."

சேவுகன் என்னிடம் கேட்டார்: "இத நேத்தே எடுத்திருக்க முடியாதாய்யா? புள்ள பட்ட பாடு பாக்க முடியல."

"நேத்து அடைக்கல. இன்னைக்குக் காலையிலதான் எறங்கி அடைச்சிருக்கு" என்றேன்.

அக்கம்மாள் என்னைப் பார்த்தாள். நேற்றே வலப்பக்கம் அடைத்திருந்தது என்று அந்த அறையில் எனக்கும் அவளுக்கும்தான் நிச்சயமாகத் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் பிழைப்பு அன்றோடு போயிற்று. சொல்லட்டும் என்றுகூட இருந்தது.

"ஆமா சேவுகா, உள்ள போனது எடம் மாறிக்கிட்டேதான் இருக்கும். அய்யா சொல்றதுதான் சரி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்பிட்டீகளாய்யா? மொகம் வாடிப்போய் இருக்கீக" என்றாள்.

அவள் வராந்தாவுக்குப் போனதும் நான்கு பெண்கள் அவளிடம் காட்டப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நான்கும் என் வார்டுப் பிள்ளைகள். அவளை வெளியே போகச் சொல்லும்படி நர்ஸிடம் சொல்ல வாயெடுத்தேன். சேவுகன் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.