உப்பு ஊறிய இரும்பு

மூன்றாவது முறையாகவும் இரும்பில் அடைத்த மக்கு கழன்றுவிட்டது.

சம்மந்தம் காலையில் கிணற்றங்கரைக் கொட்டகைக்கு வந்து இஞ்சின் மேல் போர்த்தியிருந்த கித்தானை விலக்கிப் பார்த்தான். இரண்டு நாள் முன்பு குழிகளில் அடைத்துத் தேய்த்து வழவழப்பாக்கிய இடமெல்லாம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நகத்தால் கீறினான். மக்கு அப்பளம்போல் கழன்று கையோடு வந்தது. அடியில் பழுப்பு நிறத்தில் ஈரம் கசிந்திருந்தது. அவன் சுரண்டியைத் தரையில் வீசி எறிந்தான்.

அது ஒற்றை சிலிண்டர் எண்ணெய் இஞ்சின். இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதி வரும் சக்கரங்கள். பாகூர் அரங்கநாதன் அதைப் புதுச்சேரியில் ஒரு தரகரிடம் வாங்கி, இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கரும்புக்கும் நாற்றங்காலுக்கும் இனி ஏற்றம் இறைக்க வேண்டாம், இஞ்சின் இறைக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து உள்பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டியும் காட்டிவிட்டுப் போனார். உள்ளே குறையில்லை. வெளியேதான் அம்மை வார்த்த முகம்போல இரும்பெல்லாம் குழி.

அந்தக் குழியை அடைத்துப் பச்சை வர்ணம் அடிக்கத்தான் சம்மந்தத்தைக் கூப்பிட்டது. அவன் நல்லவாடு மீனவக் குப்பத்துக்காரன். அண்ணன் தம்பிகள் கட்டுமரம் ஏறியபோது, அவன் மட்டும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய், சரக்குப் படகுகளுக்கும் கடற்பாலத்துப் பாரந்தூக்கிகளுக்கும் துரு சுரண்டி வர்ணம் அடித்துப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவன். சீமைச்சுண்ணாம்புப் பொடியையும் ஈய வெள்ளையையும் ஆளிவிதை எண்ணெய் விட்டுக் கல்லில் வைத்துப் பிசைந்து அவன் மக்கு தயாரித்தால், அது ஈரல்போலப் பதமாக இருக்கும். அந்தக் கை இப்படித் தோற்றதில்லை.

முதல் முறை கழன்றபோது எண்ணெயில் கலப்படம் என்று நினைத்தான். புதுச்சேரிக்கு நடந்துபோய் வேறு கடையில் எண்ணெய் வாங்கி வந்தான். இரண்டாம் முறை, துரு தடுக்க அடியில் பூசும் செந்தூரப் பூச்சு காய்வதற்குள் மக்கு வைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி, செந்தூரம் பூசி, நான்கு நாள் காயவிட்டு, அதற்கு மேல் மெல்லியதாக மூன்று படை வைத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. அதுவும் இன்றைக்கு இப்படி.

அரங்கநாதன் குடையோடு வரப்பில் வருவது தெரிந்தது.

"இன்னா சம்மந்தம், இன்னிக்கிப் பச்ச அடிக்கிறியா?"

சம்மந்தம் கழன்ற மக்கை நீட்டினான்.

"மறுபடியுமா?" அரங்கநாதனின் முகம் சிவந்தது. "தேதி எட்டு ஆவுது. பதினாலு ஜூலை பிரெஞ்சுத் திருநாளுக்குக் கொடியேத்திட்டு மேர் நேரா இங்கதான் வர்றாரு. அவரு கையால ஓட்டி வைக்கிறதுன்னு ஊரு பூரா சொல்லிக்கீறேன். ஒனக்கு வேல தெரியுமா தெரியாதாப்பா?"

"தெரிஞ்ச வேலதான் ஐயா. இந்த இரும்புதான் ஏதோ ஒளிக்குது."

"இரும்பு ஒளிக்குதா! நல்லா சொன்ன போ!"

அவர் போன பிறகு சம்மந்தம் இஞ்சின் அடியில் மல்லாந்து படுத்தான். கோபத்தில் செய்ய வேறு எதுவும் தோன்றவில்லை. அடிப்பீடத்தின் போல்ட் துவாரங்களை மெக்கானிக் தொட்டிருக்கவில்லை. பழைய கிரீஸ் இறுகிக் கிடந்தது. ஒரு துவாரத்தில் ஆணியை விட்டுக் குடைந்தான். கிரீஸுக்குப் பின்னாலிருந்து மணல் உதிர்ந்தது. மணலோடு, சுண்டு விரல் நகத்தளவு ஒரு வெள்ளைச் சிப்பி.

எழுந்து உட்கார்ந்தான். சற்று யோசித்தான். பிறகு ஒரு குழியை ஆழமாகச் சுரண்டி, அந்தப் பழுப்புத் தூளை நாக்கில் வைத்தான். கரித்தது.

அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கடலில் பிறந்து, கடல் இரும்போடு காலம் தள்ளியவன், இதை முதல் நாளே நாக்கில் வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? இந்த இஞ்சின் ஏதோ படகில் கிடந்து, அலையிலும் மணலிலும் பல காலம் ஊறியிருக்கிறது. குழிக்குள் உப்பு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் மறுபடி துருவாகும். துரு மேலே இருக்கும் மக்கைத் தள்ளிவிடும். எத்தனை படை வைத்தாலும் இதே கதைதான்.

நேராக அரங்கநாதன் வீட்டுக்குப் போய் அவரிடம் சிப்பியைக் காட்டினான்.

"செக்கு மில்லுல ஓடுன இஞ்சினுன்னு தரகரு சொன்னாரு," என்றார் அவர்.

"மில்லுல ஏது ஐயா சிப்பி?"

அரங்கநாதன் சிப்பியைப் பார்த்தார். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய யாருகிட்டயும் சொல்லாத. ஏமாந்துட்டான்னு சிரிப்பானுங்க. இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"எல்லாத்தையும் பழையபடி சுரண்டணும். சுடுதண்ணி ஊத்தி ஊத்திக் கழுவணும், கரிப்பு போற வரைக்கும். அஞ்சு நாளாவது ஆவும். அப்பறந்தான் மக்கு."

"அப்ப பதினாலாந்தேதி?"

"வெறும் இரும்பாத்தான் நிக்கும்."

"முடியாது. மேலாப்ல ஒரு பூச்சு பூசி பச்சய அடிச்சி வுடு. அன்னிக்கி ஒரு நாளு பாக்க நல்லா இருந்தா போதும்."

"பத்து நாள்ல உரிஞ்சி தொங்கும் ஐயா. அப்ப யாரு வேலன்னு கேப்பாங்க? என் பேரத்தான் சொல்லுவாங்க."

"ஒன் பேரு பெருசா, என் மானம் பெருசா?"

உள்ளே நெல் புடைத்துக்கொண்டிருந்த விருத்தாம்பாள், முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அரங்கநாதனின் மனைவி. இஞ்சின் வாங்கத் தன் பங்கு நிலத்தில் ஒரு துண்டை விற்க ஒப்புக்கொண்டவள் அவள்தான். கணவனைப் பார்க்காமல் சம்மந்தத்தைக் கேட்டாள்.

"எவ்ளோ சுடுதண்ணி வேணும்?"

"எவ்ளோ இருந்தாலும் பத்தாதும்மா."

"நெல்லு அவிக்கிற அண்டாவ எடுத்தாரச் சொல்றேன். கரும்புத் தோவ மலையாட்டம் கெடக்குது, எரிக்கலாம். நீ போயி சுரண்ட ஆரம்பி."

"நான் ஒண்ணு சொல்லிக்கினு இருக்கேன்..." என்று அரங்கநாதன் எழுந்தார்.

"பூசி மறைக்கவா என் நெலத்த வித்தீங்க?" என்றாள் விருத்தாம்பாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஐந்து நாளும் சம்மந்தம் வெந்துபோனான். வெயில் மேலே, அண்டாவின் தீ பக்கத்தில். கொதிக்கும் நீரைச் செம்பால் மொண்டு குழிகளில் ஊற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, சுடுதண்ணீரில் நனைத்த கந்தலைச் சுற்றி ஊறவைத்து, மறுபடி ஊற்றினான். கழுவின தண்ணீரை நாக்கில் வைப்பான். கரிக்கும். துப்பிவிட்டு மறுபடி ஊற்றுவான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "இன்னாபா, இஞ்சினுக்கு எண்ண தேச்சி தல முழுக்கு ஊத்துறியா?" என்று சிரித்தார்கள். அரங்கநாதன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பதின்மூன்றாம் தேதி மாலைதான் தண்ணீர் சப்பென்று இருந்தது. உடனே இஞ்சினைச் சுற்றித் தோகையைக் கொளுத்தி இரும்பைச் சூடாக்கி, ஈரம் போக்கி, மறுபடி துரு ஏறாதபடி எண்ணெய் தடவினான்.

பதினாலாம் தேதி, கொம்யூன் தலைவரான மேர் வெள்ளைக் கோட்டும் மார்பில் பிரெஞ்சு மூவர்ணப் பட்டையுமாக வந்தார். கறுத்து, குழி விழுந்து, எண்ணெய் வடிய நின்ற இஞ்சினைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பக்கத்தில் அரங்கநாதன் வேர்த்துக் கொட்ட நின்றார். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிவிட, மேர் பேருக்கு அதைத் தொட்டார். கோட்டின் கைமுனையில் கறுப்பு எண்ணெய் அப்பிக்கொண்டது. அரங்கநாதன் சம்மந்தத்தைப் பார்த்த பார்வையில் அவனுக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அதற்குள் இஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குழாய் வாயில் தண்ணீர் வாழைத்தண்டு கனத்தில் பீறிட்டது. கூட்டம் முழுவதும் வாய்க்காலை நோக்கி ஓடியது. மேரும் கறையை மறந்து அங்கேதான் போனார். இஞ்சினின் முகத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கா இத்தனை சண்டை என்று சம்மந்தத்துக்கு எரிச்சலாக வந்தது.

கூட்டம் கலைந்த மறுநாள் எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தெடுத்து, செந்தூரம் பூசினான். காயவிட்டு மக்கு வைத்தான். முதல் படை வைத்த மறுநாள் காலை, கித்தானை விலக்கக் கை வரவில்லை. வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வந்து விலக்கினான். கொப்புளம் இல்லை. நகத்தால் கீறினான், நகம்தான் வழுக்கியது. இரண்டாம் படையும் நின்றது. மூன்றாம் படையும் நின்றது. ஆடி பாதியில் பச்சை வர்ணம் இரண்டு கை அடித்து முடித்தான். எந்த இடத்தில் எந்தக் குழி இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

விருத்தாம்பாள் வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "கொழந்த கன்னமாட்டம் இருக்குதுப்பா," என்றாள்.

அவளுக்குப் பின்னால் அரங்கநாதன் வந்தார். குனிந்து பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார்.

"இத்த பதினாலாந்தேதிக்கே பண்ணியிருக்கலாமில்ல?" என்றார்.

சம்மந்தம் சுரண்டியையும் பிரஷ்களையும் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தன் ஊருக்குப் போகும் தவளக்குப்பம் பாதையில் வேகமாக நடக்கத் தொடங்கினான்.