மழைக்காகத்திடம் மட்டும் வாதம்

"அக்கா, பொண்டாட்டிகிட்ட கடைசியா எப்ப சண்டை போட்டோம்னு ஒரு மனுஷனுக்கே ஞாபகம் இல்லைன்னா, அது நல்லதா, கெட்டதா?"

இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா ஒரு கால்சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் பல் விளக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவாரு. பழைய சண்டை நிறைய மிச்சம் கிடக்கு. வேணும்னா கொஞ்சம் எடுத்துக்கோ," என்றாள்.

தையற்காரி சிரிக்கவில்லை. நூல்கண்டுகளின்மேல் சாய்த்து வைத்திருந்த செல்போனைப் பார்த்தபடியே பெடலை மிதித்தாள். தையல் கோணிக்கொண்டு ஓடியது. பல்லைக் கடித்தபடி பிரித்தாள்.

பெரிய துணியைச் சிறிதாக்கி, சிறிய துணியைப் பெரிதாக்கி, அறுந்த ஜிப்பை மாற்றித் தரும் கடை அது. இரண்டே பேர். ஒருத்தி தைப்பாள், இன்னொருத்தி தேய்ப்பாள். இடையில் பேச்சுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. அந்த வாரம் முழுக்க அங்கே பேச்சு ஒன்றே ஒன்றுதான்: தையற்காரியின் புருஷனும் மழைக்காகமும்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். திரைச்சீலைக்கு நீலமா பச்சையா என்று கேட்டால், "உனக்குப் பிடிச்சது." தங்கச்சி வீட்டுக்கு இன்று போகலாமா நாளைக்கா என்றால், "உன் இஷ்டம்." குழம்பில் உப்பு கூடிவிட்டதா என்றால், "சரியா இருக்கு." கூடித்தான் இருக்கும். அவளுக்கே நாக்கு சுருக்கென்றிருக்கும். அவன் மட்டும் சரியா இருக்கு என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பான்.

இதையெல்லாம் குணம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். பேசத் தெரியாத மனுஷன், பாவம் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெருமையில் ஒரு நாள் மண் விழுந்தது. போனைப் பார்த்து அவன் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க அது?"

"ஒரு குழு. தினம் ஒரு தலைப்பு கொடுப்பாங்க. எல்லாரும் வாதம் பண்ணுவாங்க. எழுதத்தான் சேரணும், படிக்க யாரும் படிக்கலாம். நீயும் பாரேன்," என்று போனை நீட்டினான். ஒளிவு மறைவே இல்லை. ஒளித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் குழுவில் அவனுக்கு 'மூன்றாம் மாடி' என்று பெயர். அந்த மூன்றாம் மாடி பேசிய பேச்சு இருக்கிறதே! அன்றைய தலைப்பு, ஏற்கெனவே ஒருவர் அமுக்கி எரிந்துகொண்டிருக்கும் லிஃப்ட் பட்டனை மறுபடி அமுக்குகிறவன் முட்டாளா என்பது. முட்டாள் இல்லை, காத்திருக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான் என்று இவன் பத்தி பத்தியாக எழுதியிருந்தான். 'மழைக்காகம்' என்ற பெயரில் ஒருவர் மறித்திருந்தார்: "அப்படியா? முன்னால் அமுக்கியவனை நம்பாததால்தானே அமுக்குகிறான்? இது சந்தேகம், ஐயா." அதற்கு இவன், அதற்கு அவர், மறுபடி இவன். மறுநாள் காலை அவன் எழுதியதைத்தான் தையற்காரியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

'மழைக்காகம் அவர்களே, நீங்கள் சொன்னது என் தூக்கத்தையே கெடுத்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.'

"தூக்கம் கெட்டுச்சாமே அக்கா! பக்கத்துல படுத்து நான்தானே அந்தக் குறட்டையைக் கேட்டேன்?"

"சும்மா ஒரு பேச்சுக்கு எழுதியிருப்பாரு. யாரு அந்தக் காக்கா? ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைதான்."

"எப்படிச் சொல்றே?"

"அந்த 'அப்படியா?'வைப் பாருங்க. கேட்டுட்டு ஒரு நிறுத்து நிறுத்துது. ஆம்பளை அப்படி நிறுத்துவானா?"

"கரன்ட் பில்லு கட்டப் போனா கவுன்ட்டர்ல இருக்கிற ஆளு அப்படித்தான் நிறுத்துறான். அவனுக்கு மீசை இந்த அளவு இருக்கு."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"விளையாட்டு இல்லடி. அந்தக் காக்காவை அவரு கொஞ்சினாரா? இல்ல. கூப்பிட்டாரா? இல்ல. சண்டைதானே போடறாரு? இதுக்கு ஏன் உனக்கு வயிறு எரியுது?"

தையற்காரி கத்தரியை மேசையில் வைத்தாள். "அதுதானே அக்கா எரியுது. கொஞ்சியிருந்தா, போய்த் தொலைன்னு ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். அவ சொன்ன ஒரு வரியைக் காலையிலருந்து சாயந்திரம்வரைக்கும் தலையில வெச்சு உருட்டி உருட்டி, இது சரியில்லன்னு பதில் எழுதுறாரே. நான் சொன்ன எதையாவது அப்படி உருட்டியிருப்பாரா? காதுல விழுந்ததும் சரின்னு தூக்கிப் போட்டுடறாரு. கேட்டாத்தானே மறுக்க முடியும்?"

அக்கா துணியில் தண்ணீர் தெளித்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தையற்காரி ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தாள்.

"செல்போனைக் கண்டுபிடிச்சவனைப் பிடிச்சு ஜெயில்ல போடணும்."

"ம். போடலாம்."

"படிச்சவங்கதான் அதிகமாப் பொய் சொல்றாங்க."

"இருக்கும்."

கடைசி அம்பையும் எடுத்தாள். "என்னைக் கேட்டா, லிஃப்டே வேண்டாங்கிறேன். எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுட்டு, ஜனங்க படி ஏறட்டும்."

தட்டிலிருந்து தலை தூக்கி யோசித்தான் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு ஒரு நப்பாசை. இதோ, இப்போது வெடிப்பான்.

"உடம்புக்கும் நல்லதுதான்," என்றான்.

மறுநாளே குழுவில் சேர்ந்துவிட்டாள். அக்காதான் உடனிருந்து எல்லாவற்றையும் அமுக்கிக் கொடுத்தாள். பெயர் என்ன வைப்பது என்று பெரிய ஆலோசனை நடந்தது. "ராணின்னு வை," என்றாள் அக்கா. "வேண்டாம், குத்தணும்," என்று சொல்லி 'ஊசி' என்று வைத்துக்கொண்டாள். ஊசி யாரென்று யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பதில் இருவருக்குமே சந்தேகம் இருக்கவில்லை.

அன்றைய தலைப்பு, மனிதன் சக மனிதனிடம் அதிகம் உண்மை பேசுகிறானா, இயந்திரத்திடமா என்பது. மூன்றாம் மாடி இயந்திரத்தின் பக்கம். 'லிஃப்ட் கதவு திறக்கும் கணத்தில் உள்ளே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். தனியாகக் கண்ணாடியைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார், அல்லது யாரிடமோ கேட்கப்போகும் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே நிற்கும் என்னைப் பார்த்ததும் அந்த முகத்தை மடித்து வைத்துவிடுவார். எதிரே ஒரு முகம் இருந்தால் பொய் வந்துவிடும். இயந்திரத்துக்கு முகம் இல்லை. அதனால்தான் ஜனங்கள் அதனிடம் மனம் திறக்கிறார்கள்.'

படித்துவிட்டுத் தையற்காரி மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். இவ்வளவு பார்த்திருக்கிறானா இவன்? அழுகிற முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "குழம்பு சரியா இருக்கு" என்று மட்டுமா சொன்னான்? இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவள் அவள். கேட்டது அந்தக் காகம்.

"எழுதுடி," என்றாள் அக்கா. "நல்லாக் குத்து."

கோட் ஒன்றின் இடுப்பைப் பிரிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுதினாள்.

'மூன்றாம் மாடிக்கு ஊசியின் கேள்வி. இடுப்பளவு எடுக்க டேப்பைச் சுற்றினால் ஜனங்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து வந்து, பட்டன் போட முடியவில்லை, துணி சுருங்கிவிட்டது என்கிறார்கள். டேப்புக்கு முகமா இருக்கிறது? நாடாவிடமே பொய் சொல்கிறவன் இயந்திரத்திடமா உண்மை சொல்வான்? எதிரே யாரும் இல்லாவிட்டாலும் மனிதன் பொய் சொல்வான். தனக்கே சொல்லிக்கொள்வான்.'

அனுப்பிவிட்டு இருவரும் நாற்காலிகளை நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தையற்காரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போது வருவான். அப்படியா என்பான். டேப் வேறு, இயந்திரம் வேறு என்று பிரிப்பான். அதற்கு என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒன்று தைத்து வைத்திருந்தாள். அவனுடைய தூக்கம் கெட வேண்டும். ஒரே ஒரு நாளாவது தன் பேச்சால் கெட வேண்டும்.

போன் அதிர்ந்தது.

'ஊசி சொல்வது சரி. இதற்குமேல் எனக்கு வாதம் இல்லை.'

"ஜெயிச்சுட்டடி!" அக்கா கைதட்டினாள். குழுவும் அமர்க்களப்பட்டது. மூன்றாம் மாடி ஒப்புக்கொண்டதாமே, மழை கொட்டப் போகிறது, யார் இந்த ஊசி என்று ஆளுக்கொரு பக்கம் எழுதித் தள்ளினார்கள். மழைக்காகமும் வந்தது: 'என்னிடம் இத்தனை நாளில் ஒரு அரைப்புள்ளிகூட விட்டுத் தராதவர்! ஊசியாரே, அந்த வித்தையை எனக்கும் சொல்லித் தாருங்கள். உண்மையைச் சொன்னால், பொறாமையாக இருக்கிறது.'

"பார்த்தியா, காக்காவுக்கே உன்மேல பொறாமை! இப்ப வயிறு குளுந்துச்சா?"

தையற்காரி பாதி பிரித்த கோட்டைக் கையில் எடுத்தாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கண் கலங்கியதால் நூல் நுழையவில்லை.

"ஜெயிக்கவா அக்கா போனேன்?" என்றாள்.

சாயந்திரம் அவன் கைகால் கழுவிவிட்டு மேசைக்கு வந்தான். தட்டில் அவள் சோறு போடும்போதே சொன்னான்: "அந்த டேப் விஷயம் நல்லா இருந்துச்சு."

கரண்டி அப்படியே நின்றது. "நான்தான்னு தெரியுமா?"

"இடுப்பளவுன்னு ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுது. அந்தக் குழுவுல வேற யாரு டேப் பிடிக்கிறாங்க?"

"தெரிஞ்சுதான் விட்டுக்கொடுத்தீங்களா?"

"ம்."

"ஏன்?"

"உன்கிட்டப் போய் எதுக்கு வாதம்?"

நல்ல மனதோடுதான் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது. அதனாலேயே இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "அவகிட்ட மட்டும் எதுக்கு? அவ மட்டும் என்ன உசத்தி? அவ சொன்னா உங்களுக்குத் தூக்கம் கெடும். நான் சொன்னா, சரி. நாய் குரைச்சாக்கூட ஒரு கல்லையாவது எடுக்கிறாங்க. எனக்கு அதுகூட இல்ல."

"அவளா? யாரு அவ? அது ஆம்பளையா பொம்பளையான்னே எனக்குத் தெரியாது. கேட்டதில்ல."

"பேச்சை மாத்தாதீங்க."

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து, இன்றைக்கு விடுவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லட்டுமா?" என்றான் கடைசியில். "சொன்னா நீ தாங்கமாட்டே."

"சொல்லுங்க."

"அந்த மழைக்காகம் தோத்தா மறுநாள் வந்து புதுசா ஆரம்பிக்கும். நீ தோத்தா பேசமாட்டே. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு அவளுக்கு நீயே ரவிக்கை தெச்சியே, அப்ப கழுத்து ஒரு பக்கம் இறங்கியிருக்குன்னு தெரியாத்தனமா சொல்லிட்டேன். தட்டுல சோறு வந்துச்சு, துவைச்ச சட்டை வந்துச்சு, பேச்சு மட்டும் வரல. எத்தனை நாள் அப்படிக் கிடந்தேன் தெரியுமா? லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககூட மணியடிச்சா வெளியிலருந்து ஒரு குரலாவது வரும். இங்க அதுவும் இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே எல்லாத்துக்கும் சரின்னு."

இத்தனை வாக்கியங்களை ஒரே மூச்சில் அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று ஏங்கியதுதான். ஆனால் இது இப்படி முகத்தில் அறையும் என்று யார் கண்டது? அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்படி கால்கள் நச்சரித்தன. அந்த வழி அவளுக்கு நன்றாகத் தெரிந்த வழி.

அவனோ, அவ்வளவுதான், தொலைந்தோம் என்ற முகத்தோடு தட்டைப் பார்த்தான். "சரி விடு, நான் சொன்னது தப்பு..." என்று ஆரம்பித்தான்.

"சரின்னு சொல்லாதீங்க!" என்றாள் அவள். குரல் உடைந்தது. ஆனாலும் வந்துவிட்டது. "அந்தக் கழுத்து கோணல் இல்ல."

அவன் நிமிர்ந்தான். அவளை உற்றுப் பார்த்தான். அவன் தயங்குவது அவளுக்குத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கோணல்தான்," என்றான் மெதுவாக.

"இல்ல."

"இடப்பக்கம் இறங்கியிருந்துச்சு."

"யாருங்க இங்க டெய்லர்?"

"டெய்லருக்குத்தான் மட்டம் தெரியணுமா? மாடிக்கு மாடி மட்டம் பார்க்கிறவன் நான். நூலளவு இறங்கினாலும் எனக்குத் தெரியும்."

அவனுடைய போன் மேசையில் அதிர்ந்தது. இருவரும் பார்த்தார்கள். "போங்க, கூப்பிடுது உங்க காக்கா," என்றாள். அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய புகைச்சல் கிளம்பிவிட்டது.

"இருக்கட்டும். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. இறங்கியிருந்துச்சா, இல்லையா?"

அவள் விருட்டென்று எழுந்து அலமாரியைத் திறந்து தங்கச்சியின் கல்யாண ஆல்பத்தை இழுத்து வந்தாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். தங்கச்சி மாலையோடு நிற்கும் படம் வந்தது. தையற்காரி குனிந்து பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து பார்த்தாள். பிறகு கட்டைவிரலை அந்தக் கழுத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.

"விரலை எடு."

"அவளுக்குத் தோளே அப்படித்தான். இடத்தோள் இறக்கம். சின்ன வயசுலருந்தே."

"தோள் இல்ல, கழுத்து. விரலை எடுன்னா."

"எடுக்கமாட்டேன்," என்றாள். "முதல்ல அவ தோளைப் பத்திப் பேசி முடிங்க."

அவன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். தோளைப் பற்றி ஆரம்பித்தான்.