காலில் தூவிய மருந்து

ஷார்ஜாவிலிருந்து திரும்புகிறவர்கள் அத்தர் கொண்டுவருவார்கள், தைலம் கொண்டுவருவார்கள், சொந்தக்காரர்கள் வாய் பிளக்க ஒரு கம்பளிப் போர்வை கொண்டுவருவார்கள். ஆரிஃபாவின் அண்ணன் முஜீப் ரஹ்மான் கொண்டுவந்தது மருத்துவ ஞானம். அங்கே ஒரு மருந்துக்கடைக்கு டெலிவரி வண்டி ஓட்டியவர். மருந்துப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிய தோள் வழியாக மருத்துவமும் தனக்குள் இறங்கிவிட்டது என்று அவருக்கு நினைப்பு.

ஆரிஃபா கூனிமேட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று காலை அண்ணனின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்சீட்டில் வசந்தா. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள், ஊர் திரும்பி முஜீப் வைத்த மளிகைக்கடையின் பல வருஷ வாடிக்கை. வலது கால் பாதத்திலிருந்து முழங்கால் வரை சிவந்து வீங்கி, தொட்டால் அனலடித்தது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் காலும் போகும், ஆளும் போவாள்.

"பென்சிலின் போடும்மா. பெரிய ஊசியாப் போடு," என்று முஜீப் உத்தரவு போட்டார்.

"டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாரு. நீ உக்காருண்ணே."

டாக்டர் சித்தார்த்தன் பார்த்தார். அவரும் பென்சிலின் வகை ஊசியைத்தான் எழுதினார். அவ்வளவுதான், முஜீபைக் கையில் பிடிக்க முடியவில்லை. காத்திருந்த ஜனங்களுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"கிருமியைச் சுத்தி ஒரு சுவரு இருக்குது. இந்த மருந்து அந்தச் சுவர ஒடச்சிடும், கிருமி வெடிச்சு செத்துடும். மனுஷ ஒடம்புல அந்தச் சுவரே கெடையாது. அதனால நமக்கு ஒண்ணும் பண்ணாது. நான் கேரண்டி."

முன்பாதி சரிதான். ஆரிஃபா நர்சிங் படித்த காலத்தில் உரக்கப் படித்ததைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டது. அலர்ஜி பற்றி அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் வருவதற்குள் அண்ணன் குறட்டை விட்டிருப்பார்.

"அக்கா, இதுக்கு முன்னாடி பென்சிலின் ஊசியோ மாத்திரையோ எடுத்திருக்கீங்களா? அரிப்பு, மூச்சுத்திணறல்னு ஏதாச்சும் வந்துச்சா?"

"நான் மாத்திரையே முழுங்கனது இல்ல சிஸ்டர். தொண்டையில நின்னுக்கும்."

"அதான் நான் சொல்றேனே," என்றார் முஜீப்.

அவர் சொன்னதை ஆரிஃபா சட்டை செய்யவில்லை. மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, டாக்டர் சொன்னபடி வசந்தாவின் முன்கையில், தோலுக்குள் துளி மருந்தை மட்டும் ஏற்றி, பேனாவால் சுற்றி வட்டம் போட்டாள். ஒத்துக்கொள்ளாமல் போனால் போடுவதற்கு அட்ரினலின் ஊசியைத் தயாராகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"இப்படியே பாத்துக்கினு உக்காந்திருங்க, நோவு தானா ஓடிப்போயிடும்," என்று முஜீப் சிரித்தார். கூட இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

வட்டத்துக்குள் தோல் தடித்தது. பிறகு வட்டத்தைத் தாண்டியது. வசந்தா கழுத்தைச் சொறிந்தாள். உதடு வீங்கிக்கொண்டே வந்தது. "தொண்ட அடைக்குது சிஸ்டர்," என்றாள். ஆரிஃபா போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடிவந்தார். தொடையில் அட்ரினலின் இறங்கியது, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் ஏறியது. கேரண்டி கொடுத்தவர் வாசல்படி வரை பின்வாங்கியிருந்தார்.

மூச்சு சீரானதும் டாக்டர் பென்சிலின் வகை மருந்தே வேண்டாமென்று வேறு மருந்து எழுதினார். கேஸ் ஷீட்டில் பென்சிலின் அலர்ஜி என்று சிவப்பில் எழுதிய ஆரிஃபாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. முழுங்கவே முழுங்காத மருந்து எப்படி ஆகாமல் போகும்?

"அக்கா, கால் புண்ணுக்கு என்ன போட்டீங்க?"

வசந்தா வாசல் பக்கம் பார்த்தாள். "பாய் குடுத்த கேப்சூலுதான். அதைப் பிரிச்சு, தூளை வெடிப்புல தூவிக்குவோம். உப்புத்தண்ணி பட்டா எரியாதுன்னாரு. அளத்துல எல்லாருமே அதான் போடறோம். ரொம்ப நாளா."

"பென்சிலின் கேப்சூலுதான். ஆனா வெளிப்பூச்சுதானேம்மா," என்றார் முஜீப்.

"தெறந்த புண்ணுல திரும்பத் திரும்பத் தூவினா, ஒடம்பு அந்த மருந்தையே எதிரியா நெனச்சுக்கும். அதுக்கு முழுங்கியே ஆகணும்னு இல்ல," என்றார் டாக்டர்.

ஆரிஃபாவுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. "நாளைக்கே அளத்துக்குப் போண்ணே. யார் யாருக்குக் குடுத்தியோ எல்லார்கிட்டயும் சொல்லு. இனிமே தூவக் கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இந்தத் தூளப் போட்டோம்னு மொதல்ல சொல்லணும்."

"அது எப்படிம்மா? அங்க என்னை டாக்டர் பாய்னு கூப்புடறாங்க. என் மரியாத என்னாவறது?"

ஒருத்தியின் மூச்சு நின்றுபோகப் பார்த்த அறையில் நின்றுகொண்டு, அந்த மனிதர் தன் மரியாதையைத் தேடிக்கொண்டிருந்தார். ஆரிஃபா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. இத்தனை வருஷமும் வாங்க பாய், சொல்லுங்க பாய் என்று பணிந்தே பேசியவள், வீங்கிய உதட்டோடு சொன்னாள்:

"நீ வர வேணாம்பா. நானே போய் சொல்லிக்கிறேன். நீ வந்தா அதுலயும் எதனா சேத்துச் சொல்லுவ."