ஒரு வாய் பேரிக்காய்

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து மழலையர் பள்ளி ஒன்றில் தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பழத்தட்டு வரும். இருபத்தொரு வருடமாக அங்கே பழம் நறுக்குபவள் ஆசிரியை போடில். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவருவதை வாங்கிப் பொதுவாக ஒரே தட்டில் அடுக்குவாள். எதுவானாலும் ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்.

நாலு வயது ஆல்வா மட்டும் அதற்கு மசியவில்லை. அவித்த உருளைக்கிழங்கையும் கீரையையும் வழித்துத் தின்பவள், பழத்தட்டு வந்தால் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்வாள். பிறந்தநாள் கேக்கைக்கூடப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிடுவாள்.

“எங்க வீட்ல கீரையைக் கண்டாலே ஓடுதுங்க. நீங்க குடுத்து வச்சவங்க” என்று மற்றத் தாய்மார்கள் ஆல்வாவின் அம்மா மைக்கனிடம் சொல்வார்கள். மைக்கன் பட்டும் படாமலும் சிரிப்பாள்.

செப்டம்பரில் ஒருநாள் போடில் நன்றாகக் கனிந்த பேரிக்காயைத் தோல் சீவி, ஒரு துண்டை ஆல்வாவிடம் நீட்டினாள்.

“அதத் தின்னா எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிடும்” என்றாள் ஆல்வா.

“யோகிமும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தான். இப்பப் பாரு, தட்டை விடமாட்டேங்குறான்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோகிம் வாய் நிறையப் பழத்தோடு தலையாட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். ஆல்வா கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டத் தட்ட அவளும் தின்றாள். பாதிப் பழம் உள்ளே போய்விட்டது. போடிலுக்குப் பெருமையாக இருந்தது.

அரைமணி நேரத்தில் ஆல்வா வெளுத்துப்போனாள். கைகால் நடுங்கி வியர்த்தது. வாந்தி எடுத்தவள், கூப்பிட்டால் கண் திறக்காத நிலைக்குப் போனாள். ஆம்புலன்ஸில் போடிலும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியதும் பிள்ளை கண் விழித்தது. ஓடிவந்த மைக்கனிடம் மருத்துவர் வரிசையாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“பல்லுல சொத்தை ஏதாவது?”

“ஒண்ணுகூட இல்ல. இனிப்பே தொடமாட்டாளே.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். “பழம்?”

“அதையும்தான் தொடமாட்டா. வீட்ல நாங்களும் கெஞ்சிப் பாத்துட்டோம், மிரட்டியும் பாத்துட்டோம்.”

மூன்று வாரம் கழித்து மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. பழத்திலும் சர்க்கரையிலும் இருக்கும் ஃப்ரக்டோஸ் என்ற ஒருவகை இனிப்பை அவள் ஈரலால் செரிக்க முடியாது. தொடர்ந்து தின்றிருந்தால் ஈரலே கெட்டிருக்கும். பிறவியிலேயே வந்த குறை. யாரும் சொல்லாமலே பிள்ளை தன்னைக் காத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மைக்கன் போடிலைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று போடிலுக்குத் தோன்றியது.

ஆல்வா திரும்பி வந்த அன்று, கோட்டு மாட்டும் இடத்தில் போடில் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நீ சொன்னத நான் நம்பல. தப்பு என்னுதுதான்.”

“நான் சொன்னேன்ல” என்றாள் ஆல்வா. பிறகு பூட்ஸைக் கழற்றக் காலை நீட்டினாள்.

அந்த வார ஆசிரியர் கூட்டத்தில், ஒரு வாய்ச் சட்டத்தை எடுத்துவிடலாம் என்று போடிலே சொன்னாள்.

“அப்போ சும்மா அடம்பிடிக்கிற பிள்ளைங்கள என்ன பண்றது? எது நிஜம், எது அடம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை.

“தெரியல. அதனாலதான் சட்டம் வேணாங்கிறேன்” என்றாள் போடில்.